சடங்குக்குக் காசு கொடுத்தது யார்?

914இல் மியோஷி கியோயுகி என்ற அதிகாரி ஜப்பான் பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். நல்ல விளைச்சலுக்காக அரசவை நடத்தும் கினென்சாய் சடங்கில் நடக்கும் கூத்து அதில் இருக்கிறது. கோயில் பூசாரிகள் தலைநகருக்கு வந்து, அரசு தரும் காணிக்கையை வாங்கிப்போய்த் தங்கள் தெய்வத்துக்குப் படைக்க வேண்டும். அவர்களோ பட்டுத்துணியை மடியில் செருகிக்கொள்கிறார்கள். ஈட்டியில் முனையை மட்டும் எடுத்துக்கொண்டு தண்டை வீசிவிடுகிறார்கள். ஜாடியில் இருக்கும் சாக்கே மதுவை அங்கேயே குடித்துத் தீர்க்கிறார்கள். சாமிக்கு விட்ட குதிரைகள் வாசலுக்கு வெளியே விலைபோகின்றன.

எனக்கு அந்தப் பூசாரிகள் மேல் பெரிய கோபம் இல்லை. தூரத்துக் கோயில்காரர்கள் வராமல் போனதால், 798லேயே அவர்களுக்கான காணிக்கையை மாகாண ஆளுநர்களிடம் விட்டிருந்தார்கள். 701ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெய்வ காரியங்களுக்கான ஜிங்கிகான் துறைக்கு, ஆட்சி மன்றத்துக்குச் சமமான இடம். ஆனால் அதன் தலைவருக்கு வெறும் நாலாம் படிநிலைதான்! 927இல் தொகுத்து முடித்த எங்கிஷிகி விதிநூல் 3,132 தெய்வங்களைப் பட்டியல் போடுகிறது. பட்டியல் கச்சிதமாக இருந்தது, பட்டு போய்ச் சேரவில்லை.

ஜப்பானின் பழைய தெய்வ வழிபாடான ஷிண்டோவின் சடங்குதான் பேரரசரின் அதிகாரத்துக்கு வேர், அது அறுபடாமல் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். என் பார்வை நேர்மாறானது. அரசிடம் வலு இருந்தவரை சடங்கு நடந்தது. வலு போனதும் சடங்கும் நின்றது.

டைஜோசாய் சடங்கையே பாருங்கள். புதிய பேரரசர் புது அரிசியை இரவில் தெய்வங்களுக்குப் படைத்து, தானும் உண்ணும் சடங்கு இது. ஆமை ஓட்டைச் சுட்டுக் குறி பார்த்து, அரிசி தர இரண்டு மாகாணங்களைத் தேர்வார்கள். அவை நெல்லோடு ஆட்களையும் பொருட்களையும் தர வேண்டும். இதை வெறும் பக்தி என்று எப்படிச் சொல்வது? நாடு யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று காட்டும் ஏற்பாடு அது. 1466இல் பேரரசர் கோ-சுச்சிமிகாடோ இதை நடத்தினார். அடுத்த வருடம் ஓனின் போர் என்ற உள்நாட்டுப் போர் மூண்டு, தலைநகர் கியோட்டோ எரிந்தது. 1500இல் அவர் இறந்தபோது ஈமச்சடங்குக்கே காசில்லை, உடல் நாற்பது நாள் போலக் கிடந்தது. மகன் கோ-காஷிவபாரா முடிசூட்டு விழாவுக்கு 1521 வரை காத்திருந்தார். பேரன் கோ-நாராவுக்குப் பிரபுக்கள் நன்கொடை தந்த பிறகுதான், 1536இல், அது நடந்தது.

டைஜோசாய் மறுபடி நடந்தது 1687இல். 221 வருட இடைவெளி! அந்தக் காலத்தில் பட்டத்துக்கு வந்த யாரும் அந்தச் சடங்கைச் செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் பேரரசர்கள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் எப்படி அதை வேர் என்பது?

1687லும் காசு, பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் அரசுடையது, நிபந்தனையும் அவர்களுடையது. முன்பெல்லாம் பேரரசர் ஆற்றங்கரைக்கு ஊர்வலமாகப் போய்த் தூய்மைச் சடங்கு செய்வது வழக்கம். இந்தத் தடவை அது கிடையாது. அவர் அரண்மனையை விட்டு வெளியே வருவதை எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்த ஷோகன் அரசு விரும்பவில்லை.

சடங்கு வெறும் அலங்காரம் என்றால் எதற்கு இந்தப் பயம் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. சடங்கு தானாக அதிகாரம் தராது என்றுதான் சொல்கிறேன். ஆனால் பேரரசர் தெருவில் வந்தால் யார் முன்னால், யார் பின்னால் என்று ஊர் பார்த்துவிடும். 1863இல் அதுதான் நடந்தது. அந்நியரை விரட்ட வேண்டிக்கொள்ள, பேரரசர் கோமெய் கமோ கோயில்களுக்குக் கிளம்பினார். கூடவே பரிவாரத்தில் ஒருவராகப் போனவர் ஷோகன் இயெமோச்சி.