காபியில் பாதி, டபரா டம்ளர்

ஃபில்டர் காபியைக் காகிதக் கோப்பையில் வாங்கிக் குடிக்க நாம் இவ்வளவு சுலபமாகப் பழகிவிட்டோமே என்ற ஆதங்கம் எனக்கு வெகுநாளாக உண்டு. மயிலாப்பூரிலும் தி.நகரிலும், காபிக்கென்றே கூட்டம் சேரும் கடைகளில்கூட, முதல் டிகாக்‌ஷனில் அருமையாகக் கலந்துவிட்டு அதைக் காகிதக் கோப்பையில் ஊற்றி, மூடியும் போட்டு நீட்டுகிறார்கள். கேட்டால், "உள்ளே இருப்பது அதே காபிதானே சார்" என்று பதில் வருகிறது. நிச்சயமாக அதே காபி இல்லை.

ஒயின் குடிப்பவர்கள் இதில் நம்மைவிடக் கறாரானவர்கள். ஆஸ்திரியாவின் ரீடல் நிறுவனம் 1973-இலேயே திராட்சை வகைக்கு ஒன்றாகக் கண்ணாடிக் கோப்பைகளைச் செய்து விற்றது. கோப்பையின் வடிவம் ஒயினை நாக்கின் குறிப்பிட்ட இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற விளக்கம் எனக்கு ஏற்பில்லை. இனிப்பும் கசப்பும் நாக்கில் எங்கே பட்டாலும் தெரியும். மூக்கின் கதை வேறு. 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒயினிலிருந்து எழும் ஆல்கஹால் ஆவியைப் படம்பிடித்தே காட்டினார்கள். 13 டிகிரியில், ஒயின் கோப்பையின் விளிம்பை ஒட்டி ஆவி வளையமாக நின்றது. நடுவில் நெடி குறைந்து, மணத்துக்கு இடம் கிடைத்தது. நேரான கண்ணாடி டம்ளரில் அந்த வளையமே உருவாகவில்லை.

காபியிலும் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். மூடியின் சிறு ஓட்டை வழியே உறிஞ்சும்போது மூக்குக்கு என்ன கிடைக்கும்? டபராவில் ஊற்றி ஆற்றும்போதோ, காபி அகலமாகப் பரவிச் சூடு தணிகிறது, அடியில் தங்கிய சர்க்கரை கலக்கிறது, நுரை எழும்புகிறது, மணம் முகத்துக்கு வருகிறது. டம்ளரின் விளிம்பைக் கவனித்துப் பாருங்கள்: வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். கொதிக்கும் காபியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கவும், உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவும் அந்த வளைவு போதும். எவ்வளவு யோசித்துச் செய்த பாத்திரம்!

இதற்குப் பித்தளைதான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பித்தளை செட்டுக்கு இப்போது மவுசு அதிகம், பார்க்கவும் அழகு. ஆனால் முறைப்படி உள்ளே வெள்ளீயம் பூசியிருந்தால் காபி பித்தளையைத் தொடுவதே இல்லை, பிறகு பித்தளையின் ருசி எங்கிருந்து வரும்? பித்தளை எவர்சில்வரைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், விரலைச் சுடும், அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் செட்டே தாராளம்.

கழுவ ஆள் இல்லை என்பதுதான் கடைக்காரர்களின் நிரந்தரப் பதில். தெருமுனை டீக்கடையில் ஒற்றை ஆள் நாள் முழுக்கக் கண்ணாடி கிளாஸைக் கழுவிக் கழுவித்தானே கொடுக்கிறார்? பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது என்பதையும் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கல்யாண மண்டபங்களில் இன்னும் மோசம். இலையில் இத்தனை பதார்த்தம் என்று பெருமையாகப் பரிமாறுகிறவர்கள், விடியற்காலைக் காபியை மட்டும் நான்கு வாய்க்குக்கூடக் காணாத காகிதக் கோப்பையில் கொடுக்கிறார்கள். சமையல் ஒப்பந்தம் பேசும்போதே டபரா டம்ளரையும் சேர்த்துப் பேசுங்கள். கடையில் என்றால், டோக்கன் வாங்கும்முன் "டம்ளரில் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். நான் கேட்கிறேன், இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறேன்.