உடம்பிலிருந்து தொடங்குவது சரிதான்

பழைய அதிர்ச்சியைச் சுமப்பவர்களுக்கு உடம்பிலிருந்து தொடங்கும் சிகிச்சை பற்றி ஒரு கட்டுரை படித்தேன். நடந்ததைப் பேசவைப்பதற்கு முன் மூச்சையும் இறுகிய தோளையும் கவனிக்கச் சொல்கிறார் அதில் வரும் மனநல சிகிச்சையாளர். எனக்கு அது சரியாகவே படுகிறது. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. இது வெறும் நம்பிக்கை இல்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதிப் பெரியவர்கள் பலர், இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்து 1950ஆம் ஆண்டு வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால், அதே நகரத்தின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். ஆனால் வாசலில் ஒரு லாரி வந்து நின்றால் போதும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்டவர்களிடம் "நடந்ததைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள்.

நெஞ்சு வலி என்றால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். அப்புறம், இந்தச் சிகிச்சை அரசு கிளினிக்குகளுக்கும் வரவேண்டும். பென்ஷனில் வாழும் ஆயாக்களுக்கு அதுதான் எட்டும்.