பியானா ஊர்ப் பெண்களின் உடை யாருக்காக?

உயிர்ப்பு ஞாயிறன்று (ஈஸ்டர்), இத்தாலியின் சிசிலித் தீவில் அல்பேனிய வழிவந்தவர்கள் வாழும் பியானா தெல்யி அல்பனேசி ஊரில் எடுத்த அந்தக் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை இங்கே மறுபடி பகிர எனக்கு மனமில்லை. மரபு உடை உடுத்திக் கோயிலிலிருந்து வெளியே வந்த பெண்களின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிக்கொண்டு, "வெளியூர்க்காரருக்காக இன்றைக்கு வேடம் போட்டிருக்கிறார்கள்" என்று நம்முடைய தம்பி ஒருவர் தமிழில் விளக்கம் சொன்னதும், "வந்து ஐந்நூறு வருடமாகியும் இத்தாலிக்காரராக மாறாதவர்கள்" என்று அதன் கீழே பலர் சிரித்து எழுதியதும் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தன. அந்த உடை வேடமல்ல. அந்தப் பெண்கள் நமக்காக அதை உடுத்தவுமில்லை.

பலெர்மோவிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர் மலையேறினால் வரும் ஊர் அது. துருக்கியப் படைகளிடம் அல்பேனிய நகரங்களான குரூயா 1478இலும் ஷ்கோதரா அடுத்த ஆண்டும் வீழ்ந்த பிறகு, கடல் கடந்து வந்த அல்பேனியக் குடும்பங்கள் 1488இல் மொன்ரெயாலே பேராயரிடம் உடன்படிக்கை செய்து, அவருடைய நிலத்தில் எழுப்பிய குடியிருப்பு. இன்றும் சுமார் 6,000 பேர்தான் இருக்கிறார்கள். தெருப்பெயர்ப் பலகைகளில் இத்தாலியத்தோடு அவர்களுடைய அல்பேனியப் பேச்சான ஆர்பெரெஷ் மொழியும் இருக்கிறது. கத்தோலிக்கர்களாக இருந்தும் கிரேக்கத் திருச்சபையைப் போலப் பைசாந்திய முறையில் வழிபடுகிறார்கள், மணமானவர்களும் குருக்களாகலாம். அந்த வழிபாட்டைப் பார்த்து மற்றவர்கள் அவர்களைக் கிரேக்கர் என்றே எண்ணியதால், 1941 வரை அரசுப் பதிவில் ஊரின் பெயரே 'கிரேக்கர்களின் பியானா' என்றுதான் இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர் தன் கண்ணுக்குப் பட்டதைச் சொல்லிவிட்டுப் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் இந்த முறை அதைச் சொன்னவர் நம்மவர்.

அந்த உடையைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பலெர்மோவில் நம்மில் பலரையும் போல நானும் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்திருக்கிறேன். அப்படி நான் கவனித்துக்கொண்ட அம்மா ஒருவர் பியானாவில் பிறந்தவர். என்னோடு இத்தாலியத்தில் பேசுவார். தொலைபேசியில் தங்கையோடு பேசும்போது மட்டும் ஆர்பெரெஷில் குரல் உயரும், சிரிப்பும் வரும். பொன்னிழையால் பூவேலை செய்த சிவப்புப் பட்டுப் பாவாடையை அலமாரியிலிருந்து எடுத்து, வெயில் படாமல் காற்றாட வைக்கச் சொல்வார். கூடவே ஒரு துணிப்பையில் வெள்ளி ஒட்டியாணம் இருக்கும். அதற்குப் பெயர் 'பிரெஸி'. அதன் நடுவே குதிரைமேல் புனித ஜார்ஜ். அதைத் துடைக்க என்னை விடமாட்டார், தானே துடைப்பார். அந்த உடை அவருடைய தாயிடமிருந்து வந்தது, பேத்திக்குப் போக இருந்தது. அதை உடுத்திய ஒரு பெண்ணைத்தான் அந்தத் தம்பி வேடம் போட்டவள் என்றார்.

"அவர் நல்ல எண்ணத்தோடு, ஊரை அறிமுகப்படுத்தத்தானே சொன்னார்" என்று சிலர் எழுதுவார்கள். எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கன்னோலி என்ற இனிப்பின் விலையைக் கேட்டுச் சொல்ல அவருக்கு நேரம் இருந்ததே.

"ஊர்க்காரர்களே சுற்றுலாவை வரவேற்கிறார்களே" என்பது நியாயமான வாதம், மறுக்கமாட்டேன். விழாவுக்கு விளம்பரம் செய்கிறார்கள், வழிபாடு முடிந்ததும் சிவப்பு முட்டைகளை வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள், படம் எடுக்கவும் விடுகிறார்கள். வேலை தேடி இளைஞர்கள் வெளியேறும் மலையூருக்கு வருமானம் தேவை. ஆனால் விருந்தினரை வாசலில் வரவேற்கும் வீடு விருந்தினருக்காகவே கட்டப்பட்டது என்று யாராவது சொல்வோமா? ஒரு பயணியும் வராத காலத்திலும் அந்தப் பெண்கள் அதை உடுத்தினார்கள். நாளை எவரும் போகாவிட்டாலும் உடுத்துவார்கள்.

"ஐந்நூறு வருடமாக மாறவில்லை" என்ற பேச்சுக்கு வருகிறேன். சிசிலியில் பக்கத்திலேயே மெட்சொயூசோ, பலாட்சோ அத்ரியானோ என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. அவையும் அல்பேனியர் குடியேறிய ஊர்கள். அங்கே வழிபாட்டு முறை நிலைத்தது, மொழி போய்விட்டது. பியானாவில் மொழி தானாக நிலைத்துவிடவில்லை. அந்த ஊரில் பிறந்த லெகே மத்ரெங்கா 1592இல் தம் மக்களின் பேச்சில் மறைக்கல்வி நூலை அச்சிட்டுக் கொடுத்தார். ஜோர்ஜோ குட்செத்தா 1734இல் பலெர்மோவில் தம் இனத்துப் பிள்ளைகளுக்கென்று குருமடம் தொடங்கினார். தங்களுக்கென்று ஒரு மறைமாவட்டம் கிடைக்க அவர்கள் 1937 வரை காத்திருந்தார்கள். இத்தாலிய அரசு அவர்களுடைய மொழியைச் சட்டத்தால் பாதுகாக்க முன்வந்தது 1999இல்தான். இத்தனை தலைமுறைகளின் உழைப்பைப் பிடிவாதம் என்று சிரித்துத் தள்ளுவது, அதுவும் தமிழில் எழுதிச் சிரிப்பது, எனக்கு வலிக்கிறது.

ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் படித்த பள்ளியில் ஆண்டுதோறும் ஒரு பண்பாட்டு நாள் வரும். "உங்கள் உடையைப் போட்டு அனுப்புங்கள், நடனம் ஆடட்டும்" என்பார்கள். அனுப்பினோம், ஆடினாள், கைதட்டினார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஓர் அறை கேட்டபோது மட்டும், பிள்ளைகள் முதலில் இத்தாலியத்தை நன்றாகக் கற்கட்டும் என்று அறிவுரை கிடைத்தது. பாவாடை தாவணி பார்க்க வேண்டும், மொழி வேண்டாம். இதை அனுபவித்த நாமே இன்னொருவரின் வீட்டு வாசலில் போய் நின்று அதே கண்ணோடு பார்க்கிறோம் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவர்கள் ஒதுங்கி வாழ்கிறார்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் எழுதினேன், அதை அழித்துவிட்டார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன். 1893இல் சிசிலிய உழவர்கள் சங்கம் கட்டி எழுந்தபோது மிக வலுவாக நின்ற ஊர்களில் ஒன்று பியானா. அங்கே பெண்களும் திரண்டார்கள். அதை வழிநடத்திய மருத்துவர் நிக்கோலா பர்பாத்தோ அந்த ஊரில் பிறந்தவர். அடுத்த ஆண்டே சிறைக்குப் போனார். 1947 மே 1ஆம் நாள், பியானாவிலிருந்தும் சான் ஜுசெப்பே யாத்தோ, சான் சிப்பிரெல்லோ ஊர்களிலிருந்தும் போர்தெல்லா தெல்லா ஜினெஸ்திரா என்ற மலைக்கணவாயில் குடும்பத்தோடு கூடிய உழவர்கள்மீது, சல்வத்தோரே ஜுலியானோவின் கொள்ளைக் கூட்டம் மேட்டிலிருந்து சுட்டது. 11 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் அடக்கம். ஆர்பெரெஷ் பேசியவர்களும் சிசிலிய மொழி பேசியவர்களும் நிலத்துக்காக ஒன்றாக நின்றார்கள், ஒன்றாகவே செத்தார்கள். ஒதுங்கி வாழ்ந்தவர்களா இவர்கள்? நான் பராமரித்த அந்த அம்மாவின் தந்தை அன்று அங்கே இருந்தார். உயிரோடு திரும்பினார், ஆனால் அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

காணொளி எடுத்த தம்பிக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். முழுவதையும் நீக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, அது அவர்களுடைய தாய்மார் கொடுத்த உடை என்று அந்த இடத்தில் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.