இரவில் இறங்காத அழுத்தம்

உயர் குருதியமுக்கம் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெட்டால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்று நான் வாசித்த ஒரு கட்டுரை கூறுவது, திருகோணமலைக் கரையோரத்தில் வாழும் எங்களைப் போன்றவர்கள் ஊன்றி வாசிக்க வேண்டிய செய்தியாகும். நல்ல உறக்கத்தில் குருதியமுக்கம் பகல் அளவிலிருந்து 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குவதே இயல்பு. அந்த இறக்கம் கிடைக்காதபோது, சிறுநீரகத்தில் குருதியை வடிகட்டும் மிக நுண்ணிய நாளங்கள் ஓய்வின்றி அழுத்தத்தைத் தாங்க நேர்கிறது.

என் தந்தையார் 30 ஆண்டுகளுக்கு மேல் திருக்கடலூரிலிருந்து இரவுக் கடலுக்குப் போனவர். விடியலில் கரை சேர்ந்து, மீனைக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறிய பின் தகரக் கூரையின் கீழ் இரண்டு மூன்று மணித்தியாலம் கண்ணயர்வார். அதற்குள்ளும் குறட்டை சட்டென்று நின்று, மூச்சுத் திணறி எழுந்து உட்காருவதை அம்மா பல தடவை கண்டிருக்கிறார். கிளினிக்கில் காலையில் அளந்த பிரஷர் பெரும்பாலும் சரியாக இருந்தமையால் தூக்கத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. தொழிலை விட்ட பின்னர், இரவில் மூன்று நான்கு தடவை சலம் கழிக்க அவர் எழும்பியதையும் வயதின் கோளாறு என்றே எண்ணியிருந்தோம்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேற்றினின் அவரது குருதியில் உயர்ந்தபோதுதான், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பது எங்களுக்கு விளங்கியது. அது உயர்வதற்குள் சிறுநீரகம் கணிசமாகப் பழுதடைந்திருக்கக்கூடும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவதோ பெரும்பாலும் அதற்கு முன்னரே தெரியவரும். ஆகவே பிரஷருக்கு மருந்து எடுப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தச் சலப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும், குறட்டையையும் மூச்சுத் தடையையும் வைத்தியரிடம் தாமாகவே சொல்ல வேண்டும் என்று மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.