காற்று போக வழி விடுங்கள்

கம்ப்யூட்டர் கேபினெட் வாங்கப் போனால் கடை முழுக்க முன்பக்கம் கண்ணாடி வைத்து அடைத்ததுதான். உள்ளே ஆர்ஜிபி ஃபேன்கள் கலர் கலராகச் சுற்றும். காற்று நுழைய ஓரத்தில் விரல் அகலம்கூட இடைவெளி இருக்காது. அந்த ஃபேன் எதை இழுக்கும்?

இப்போது வரும் கிராபிக்ஸ் கார்டுகளில் (திரையில் தெரியும் படத்தை உருவாக்கும் பாகம்) பெரும்பாலானவை சூட்டைப் பின்பக்கமாக வெளியே தள்ளுவதில்லை, கேபினெட்டுக்குள்ளேயே கக்குகின்றன. 200 வாட் இழுக்கும் கார்டு என்றால் அவ்வளவும் வெப்பம்தான். அதே சூடான காற்றைத் திரும்பத் திரும்ப இழுத்து, சூடு ஓர் அளவுக்கு மேல் போனதும் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்காகத்தானே அவ்வளவு காசு கொடுத்தோம்? மே மாதம் சென்னையில் அறையே 35 டிகிரியில் கொதிக்கும்போது கேட்கவே வேண்டாம்.

என் கேபினெட்டின் முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு கேம் ஓட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபேன் இரைச்சல் அடங்கிவிட்டது. அப்புறம் எதற்கு அந்தக் கண்ணாடி?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முன்பக்கம் கண்ணாடிக்குப் பதில் காற்று புகும் கம்பி வலை, கழற்றிக் கழுவ ஒரு தூசி ஃபில்டர், முன்னால் இரண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன், பின்னால் ஒன்று. கடையில் கேட்டால், "அதெல்லாம் இப்ப யாரும் வாங்கறதில்ல சார்" என்கிறார்கள். கடையில் வைத்தால்தானே வாங்குவோம்!