பரோஸ்: கையை நம்பாத கம்பெனி

பெரிய நிறுவனங்களின் ராட்சதக் கணினிகளான மெயின்ஃப்ரேம்களின் வரலாறு என்றாலே ஐபிஎம் புராணம்தான். மற்றவர்களை "ஏழு குள்ளர்கள்" என்று ஓரங்கட்டிவிடுவார்கள். அந்தக் குள்ளர்களில் ஒன்றான பரோஸுக்கு இதைவிட அநியாயம் வேறில்லை.

1886-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வில்லியம் சீவார்டு பரோஸ் கூட்டாளிகளோடு தொடங்கியது. சரக்கு, கூட்டல் இயந்திரம். பொத்தான்களில் தொகையை அழுத்திவைத்து, பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் கூட்டிக் காகிதத்தில் அச்சடிக்கும். முதல் இயந்திரங்கள் சொதப்பின. தப்பு கணக்கில் இல்லை, இழுக்கிற கையில். வெடுக்கென்று இழுத்தால் ஒரு விடை, மெதுவாக இழுத்தால் வேறு விடை. பரோஸ் ஓர் உருளையில் எண்ணெய் ஊற்றி, உள்ளே பிஸ்டனை வைத்தார். கையின் வேலை ஸ்பிரிங்கை இழுத்துவிடுவதோடு சரி. இயந்திரத்தை ஓட்டுவது ஸ்பிரிங். பிஸ்டன் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நிதானமாகத்தான் நகரும் என்பதால், முரடன் இழுத்தாலும் ஒரே வேகம். எண்ணெய் கசிந்துவிட்டால் பழைய கோளாறு திரும்பிவிடும்.

1961-ல் அறிவித்த பி5000 கணினியிலும் அதே புத்திதான்: மனிதக் கையை நம்பாதே. அல்கால் என்ற நிரல்மொழிக்கென்றே ராபர்ட் பார்ட்டன் குழு வன்பொருளை வடிவமைத்தது. இயந்திரக் கட்டளைகளை நேரடியாக எழுத உதவும் அசெம்ப்ளரே பயனருக்குக் கிடையாது. 48 பிட் சொல்லில் (நினைவகத்தின் ஓர் அலகு) 12 பிட் கட்டளைகள் நான்கு, கணக்கெல்லாம் கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் ஸ்டாக்கில். ஒவ்வொரு அணிக்கும் (வரிசையாக அடுக்கிய தரவுக்கும்) டிஸ்கிரிப்டர் என்று ஒரு விவரச் சீட்டு: எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், இப்போது நினைவகத்தில் இருக்கிறதா. 0 முதல் 99 வரையுள்ள அணியில் 100-ஐக் கேட்டால் வன்பொருளே நிறுத்திவிடும். கேட்ட துண்டு நினைவகத்தில் இல்லையென்றால் எம்சிபி என்ற இயங்குதளம் அதை டிரம் என்ற காந்த உருளைச் சேமிப்பிலிருந்து ஏற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து நிரலைத் தொடரும். இந்த வித்தைக்குப் பெயர் மெய்நிகர் நினைவகம். ஐபிஎம் தன் 370 வரிசைக்கு அதை அறிவித்தது 1972-ல். ஒதுக்கிய எல்லையைத் தாண்டி எழுதும் பஃபர் ஓவர்ஃப்ளோ கோளாறுக்கு நாம் இன்னும் பேட்ச் போட்டுக்கொண்டிருக்கிறோம்!

ஓட்டையும் இருந்தது. காவலின் பெரும்பகுதி, நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலர் கையில். கம்பைலர் என்று முத்திரை பெற்ற நிரல்தான் இயங்கு கோப்பை உருவாக்கலாம். அந்த முத்திரை தவறான கைக்குப் போனால் தடுக்க ஆளில்லை. ஒவ்வொரு சொல்லும் என்ன வகை என்று வன்பொருளுக்குச் சொல்லும் 3 பிட் அடையாளம் பிறகு பி6500-ல்தான் வந்தது.

1986-ல் பரோஸ், இன்னொரு கணினி நிறுவனமான ஸ்பெர்ரியோடு இணைந்து யூனிசிஸ் ஆனது. மும்பையின் டாடா பரோஸும் டாடா யூனிசிஸாகப் பெயர் மாறியது. எம்சிபி மட்டும் சாகவில்லை. இன்று இன்டெல் சில்லில் ஓடுகிறது. வன்பொருள் பார்த்த எல்லைச் சோதனையை இப்போது மென்பொருள் பார்க்கிறது.