தலை ஆடுவது குளிரால் அல்ல

கோத்தகிரி, குன்னூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. ‘ஸ்பைடர்’ ரகப் பந்து மலைப்பாம்பு ஒன்று தலையை ஆட்டுகிறது. “நீலகிரிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, பல்பு போட்டுச் சூடாக்கினால் சரியாகிவிடும்” என்று கூடவே ஒரு குரல்.

இது தவறு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தப் பாம்புக்கு வெதுவெதுப்பு தேவைதான். குளிரில் சோர்ந்துபோகும், இரையும் செரிக்காது. ஆனால் இந்தத் தலையாட்டம் பிறவிக் கோளாறு. உடம்பில் சிலந்திக் கால் போன்ற மெல்லிய கோடுகளை வரையும் அதே மரபணு மாற்றம், சமநிலையைக் காக்கும் உள்காதையும் குலைக்கிறது. எந்த பல்பும் அதைச் சரிசெய்யாது.

நெருங்கிப் பார்த்தால் மனம் தாங்காது. நண்பர் வீட்டில் ஒன்றைப் பார்த்தேன். எலியை நோக்கிப் பாய்ந்தது, குறி தப்பியது. மறுபடி பாய்ந்தது. தலை திருகித் தாடை மேலே பார்த்தபடி நின்றது. அதைத்தான் ‘டான்ஸ்’ என்று சிரித்துப் பகிர்கிறார்கள்.

பெற்றோரில் ஒன்றுக்கு இந்த மரபணு இருந்தாலே போதும், குட்டிகளில் ஏறத்தாழ பாதிக்கு வரும். தெரிந்தே அதை இணை சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. செல்லமாக வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லியின் (leopard gecko) ‘லெமன் ஃப்ராஸ்ட்’ ரகமும் இப்படித்தான்: அதன் அழகிய வெண்மஞ்சளோடு தோல் புற்றுநோயும் சேர்ந்தே வருகிறது என்று 2021இல் ஆய்வு காட்டியது.

இந்தப் பாம்பை வீட்டில் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வெப்பத்தைச் சீராக வையுங்கள், இணை சேர்க்காதீர்கள். மத்திய அரசின் 2024 விதிகளின்படி, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் அதைப் பதிவு செய்வதும் கட்டாயம்.